லண்டனில் நல்ல அரசுப் பள்ளி வேண்டும்: எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது?

கேள்வி: கணவருக்கு லண்டன் கேனரி வார்ஃபுக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது. ஏப்ரலில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகளுக்கு ஜூனில் 10 வயது முடியும். மகனுக்கு இப்போதுதான் 3 முடிந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் எங்களால் முடியாது. ஹாரோ, சட்டன், இல்ஃபோர்ட் என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். ‘அவுட்ஸ்டாண்டிங்’ பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுத்துவிட்டால் போதுமா?

பதில்:

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் பார்த்த வீட்டில், சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளி மைதானம். பிள்ளைகள் விளையாடும் சத்தம் உள்ளே கேட்கும். இனிப் பள்ளிக் கவலை இல்லை என்று அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டோம். மகனுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அது கத்தோலிக்கப் பள்ளி என்று கவனித்தோம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஆனால் இடத்துக்குப் போட்டி இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு திருப்பலிக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். தெரு தாண்டினால் பள்ளி. என் பையன் ஒன்றரை மைல் தள்ளி வேறொரு பள்ளிக்குப் போனான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு சேர்க்கை விதிகளைத் தேடித் தேடிப் படித்தேன். கடந்த 8 ஆண்டுகளாகச் சேர்க்கை மேல்முறையீட்டுக் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். இடம் கிடைக்காத பெற்றோர் எங்கள் முன்னால் வந்து உட்காருவார்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும், ஏனென்றால் பெரும்பாலும் செய்த தவறு ஒன்றேதான்: ஒரே ஒரு பள்ளியின் பெயரை நம்பி வீடு எடுத்திருப்பார்கள். அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பள்ளிக்காக வீடு எடுக்காதீர்கள். உங்கள் வாசலிலிருந்து நிச்சயம் எட்டக்கூடிய நல்ல பள்ளிகள் மூன்றாவது இருக்கும் இடத்தில் எடுங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கே ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் பெரும் கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளி. ஹாரோ ஸ்கூல் அப்படிப்பட்டது. ஹாரோவில் குடியிருப்பதற்கும் அந்தப் பள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. அரசுப் பள்ளியை ‘ஸ்டேட் ஸ்கூல்’ என்பார்கள். நம் ஊரில் ‘கார்ப்பரேஷன் ஸ்கூல்’ என்று சொல்லும்போது சிலர் குரலில் வரும் தயக்கம் இங்கே வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள், டாக்டர் வீட்டுப் பிள்ளையும் பஸ் டிரைவர் வீட்டுப் பிள்ளையும், அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஒரு காலத்தில் லண்டன் அரசுப் பள்ளிகளுக்கு நாட்டிலேயே கெட்ட பெயர் இருந்தது. 2003இல் ‘லண்டன் சேலஞ்ச்’ என்ற திட்டம் வந்தது, பள்ளிகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன, பத்து ஆண்டுகளில் தேர்வு முடிவுகளில் லண்டன் நாட்டிலேயே முன்னணிக்கு வந்துவிட்டது. எனவே நீங்கள் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு நல்ல பள்ளி பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். அதில் இடம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

இடம் எப்படிக் கொடுக்கிறார்கள்? பள்ளியில் இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் ஒரு வரிசை வைத்திருப்பார்கள். சிறப்புத் தேவைக்கான திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள், அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகள் முதலில். பிறகு பொதுவாக, ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள், மருத்துவக் காரணம் உள்ளவர்கள். மீதி இடங்கள் தூரத்தை வைத்து. மார்க் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, நன்கொடை கிடையாது, சிபாரிசு கிடையாது. மேல்முறையீட்டுக்கு வரும் நம்மவர்கள் பிள்ளை வாங்கிய சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கிக் கொண்டு வருவார்கள். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்பதில் எங்களுக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் ‘நன்றாகப் படிப்பாள்’ என்பது சாதாரண அரசுப் பள்ளிச் சேர்க்கையில் ஒரு காரணமே அல்ல.

தூரம் என்பதிலும் நுணுக்கம் உண்டு. பல கவுன்சில்கள் (உள்ளாட்சி நிர்வாகங்கள்) உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்கோட்டில் அளக்கின்றன. சில இடங்களில் நடைபாதை வழியாக. சில பள்ளிகளுக்கு வரைபடத்தில் எல்லை போட்ட ‘கேட்ச்மென்ட்’ இருக்கும். வேறு சில, எல்லாத் திறன் நிலையிலும் சமமாகப் பிள்ளைகளை எடுப்பதற்காக ஒரு சோதனை வைத்துப் பிரிவு பிரிவாக நிரப்பும். ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு விதி இருக்கலாம். ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் ஒரு சேர்க்கைக் கையேடு வெளியிடும். அதில் ஒவ்வொரு பள்ளியிலும் போன ஆண்டு கடைசியாக இடம் பெற்ற பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற கணக்கு இருக்கும். வீட்டுத் தரகர் ‘பள்ளி நடக்கிற தூரம்தான்’ என்று சொல்வதைவிட அந்த ஒரு எண் உங்களுக்கு உதவும். ஒரு ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். கடைசி தூரம் 0.9, 0.7, 0.8 மைல் என்று போகும் பள்ளிக்கு அரை மைலில் வீடு இருந்தால் ஓரளவு நிம்மதி. அதே வீடு 0.52, 0.48, 0.55 என்று போகும் பள்ளிக்குச் சூதாட்டம். ஒரு ஆண்டு அண்ணன் தம்பிகள் கூடுதலாக வந்துவிட்டாலே கோடு உள்ளே நகர்ந்துவிடும்.

கோடு வெளியேயும் நகர்கிறது. லண்டனில் பிறப்பு குறைந்து, குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியேறியதால் நகரின் உள்பகுதிகளில் தொடக்கப் பள்ளிகள் காலியாகின்றன. ஹேக்னி, கேம்டன், லாம்பெத் போன்ற இடங்களில் பள்ளிகளை மூடியும் இணைத்தும் வருகிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வருத்தமான விஷயம். பல ஆண்டுகளாக யாரும் நெருங்க முடியாத பள்ளிகளில் இப்போது இடம் இருக்கிறது என்பது புதிதாக வருபவர்களுக்கு அதன் மறுபக்கம். உங்கள் மகன் விஷயத்தில் இது கைகொடுக்கலாம். அவனுக்காக வீட்டுக்குக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மகள் கதை வேறு. நேரம் நெருக்கடி அவளுக்குத்தான். இங்கே 4 வயதிலேயே ரிசப்ஷன் என்ற முதல் வகுப்பு தொடங்குவதால், சென்னையில் நாலாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஏப்ரலில் இங்கே ‘இயர் 5’இல் உட்காருவாள். செப்டம்பரில் இயர் 6. அது தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு. அதற்கடுத்த செப்டம்பரில், 11 வயதில், மேல்நிலைப் பள்ளி. அதற்கான விண்ணப்பத்தை நீங்கள் வந்த ஆண்டின் அக்டோபர் 31க்குள் போட வேண்டும். மகனுக்கு ரிசப்ஷன் விண்ணப்பம் அடுத்த ஜனவரி 15க்குள். அதாவது விமானம் இறங்கி ஒன்பது பத்து மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் பள்ளியும் எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதை வைத்து முடிவாகிவிடும். மகள் தொடக்கப் பள்ளியை விட்டுப் போன பிறகுதான் மகன் சேருவான் என்பதால், அக்கா படித்த பள்ளி என்ற சலுகையும் அவனுக்குக் கிடைக்காது. எனவே வீடு தேடும்போது மேல்நிலைப் பள்ளியை முதலில் வையுங்கள். தொடக்கப் பள்ளி பிறகு.

கிராமர் பள்ளி பற்றிக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். சட்டன் பெயர் அடிபடுவதே அதனால்தான். தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளிகள் அவை. லண்டனில் மொத்தம் 19, எல்லாமே நகரின் வெளிப்பக்கத்து பரோக்களில் (பரோ என்றால் தனி கவுன்சில் உள்ள பகுதி). சட்டனில் மட்டும் 5. அதில் பெண் பிள்ளைகளுக்கு நான்சச்சும் வாலிங்டன் ஹையும். கிங்ஸ்டனில் டிஃபின் கேர்ள்ஸ், பார்னெட்டில் ஹென்ரியட்டா பார்னெட், ரெட்பிரிட்ஜில் உட்ஃபோர்ட் கவுன்ட்டி ஹை ஆகியவையும் பெண்களுக்கு உண்டு. தேர்வு இயர் 6 தொடங்கியதும் செப்டம்பரில் நடக்கும். அதற்குப் பதிவு கோடையிலேயே முடிந்துவிடும், ஆகவே வந்திறங்கியதும் தேதிகளைப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.

ஆனால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒன்று சொல்கிறேன். ஹென்ரியட்டா பார்னெட்டில் நூற்றுச் சொச்சம் இடங்களுக்கு ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களில் பலர் இரண்டு ஆண்டுகளாகச் சனி ஞாயிறு டியூஷனில் இருந்தவர்கள். உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஐந்து மாதம். கணக்கில் அவள் ஈடு கொடுப்பாள், நம் ஊர்ப் பாடத்திட்டம் அதற்குக் கைகொடுக்கும். ஆங்கிலச் சொல்வளமும் பத்தி வாசித்துப் புரிந்து எழுதுவதும் ஐந்து மாதத்தில் வராது. புது நாடு, புது வகுப்பு, தோழிகள் இல்லாத ஏக்கம், இதற்கு மேல் தினமும் மாதிரித் தேர்வு என்றால் பத்து வயதுப் பிள்ளை வாடிப்போவாள். விரும்பினால் எழுதட்டும், ஆனால் அதை நம்பி வீடு எடுக்க வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 1989இல் கிரீனிச் கவுன்சில் தொடர்பாக வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, தன் எல்லைக்குள் வசிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பரோ யாருக்கும் முன்னுரிமை தர முடியாது. சட்டனில் வசிப்பதாலேயே சட்டன் கிராமர் பள்ளி கிடைக்காது. சில பள்ளிகள் குறிப்பிட்ட தூரத்துக்கோ போஸ்ட்கோடுகளுக்கோ ஒரு பகுதி இடங்களை ஒதுக்குகின்றன, ஆனால் அதற்கும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். 16 வயதில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான சிக்ஸ்த் ஃபார்முக்கு, கிராமர் பள்ளிகள் வெளியிலிருந்தும் பிள்ளைகளை எடுக்கின்றன. கதவு ஒரேயடியாக மூடிவிடாது.

சரி, ஊர்களுக்கு வருகிறேன். கணவரின் வேலை கேனரி வார்ஃபில். அது தேடலை நன்றாகக் குறுக்கிவிடுகிறது.

சட்டனுக்குப் பாதாள ரயில் கிடையாது. ரயிலில் வந்து, மாறி, ஜூபிலி லைன் பிடிக்க வேண்டும். காலையில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். கிராமர் கணக்கை எடுத்துவிட்டால் உங்களுக்கு அங்கே போகக் காரணம் குறைவு.

இல்ஃபோர்ட், கான்ட்ஸ் ஹில் பகுதி உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன். இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைனில் வைட்சேப்பல் போய் மாறினால் கேனரி வார்ஃப். ரெட்பிரிட்ஜ் பரோவில் செவன் கிங்ஸ், வாலன்டைன்ஸ், பீல், ஓக்ஸ் பார்க் என்று கிராமர் அல்லாத மேல்நிலைப் பள்ளிகளே பல இருக்கின்றன. உட்ஃபோர்ட் கவுன்ட்டி ஹைக்கு மகள் தேறினால் அது கூடுதல் சந்தோஷம், தேறாவிட்டால் இந்தப் பள்ளிகளுக்காகவே அங்கே இருக்கலாம். நான் மேலே சொன்ன ‘மூன்று பள்ளி’ கணக்குக்கு இந்தப் பகுதி பொருந்துகிறது. அதனால்தான் முதலில் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

அதற்குச் சற்று மேற்கே ஈஸ்ட் ஹாம். நம் கடைகள், ஹோட்டல்கள், முருகன் கோவில், மகாலட்சுமி கோவில் எல்லாம் அங்கே. வாடகைக்காகவும் கோவிலுக்காகவும் அங்கே குடியேறிய நம்மவர்கள் சிலர், பள்ளி என்று வந்ததும் வேறு ஊருக்குப் பெட்டி கட்டுவார்கள். அது பழைய பழக்கம். அங்கிருக்கும் பிராம்ப்டன் மேனர் பள்ளியிலிருந்து 2021இல் 55 பிள்ளைகளுக்கு ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இடம் தர முன்வந்தன, பெரும் பணக்காரர் பள்ளியான ஈட்டனில் அந்த ஆண்டு 48. பிராம்ப்டன் மேனரின் சிக்ஸ்த் ஃபார்முக்கு லண்டன் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் போட்டியிட்டு வருகிறார்கள், அதனால் இந்த எண்ணை அப்படியே பக்கத்துத் தெருப் பிள்ளைகளின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் பள்ளி பள்ளிதான். பெண்களுக்கு மட்டும் என்றால் பிளாஷெட் அங்கேயே இருக்கிறது. வெஸ்ட் ஹாமில் ஒருமுறை மாறினால் கணவருக்கு அலுவலகம். வீடுகள் நெருக்கம், தெருவில் இரைச்சல் உண்டு. அது பரவாயில்லை என்றால் வாடகையில் மிச்சமாகும்.

ஹாரோ பரோவில் கிராமர் பள்ளி கிடையாது. அதுவே அங்கே ஒரு நிம்மதி, ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் பெரும்பாலும் சாதாரணப் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். நோவர் ஹில், விட்மோர், ஹாட்ச் எண்ட் எல்லாம் பெற்றோர் விரும்பும் பள்ளிகள். உங்களுக்கு ஸ்டான்மோர், கேனன்ஸ் பார்க் பக்கம் பாருங்கள். ஜூபிலி லைன் அங்கிருந்து மாறாமலே கேனரி வார்ஃப் போகும், நேரம் பிடித்தாலும் உட்கார்ந்து போகலாம். பார்க் ஹை, கேனன்ஸ் ஹை, பெண்களுக்கு பென்ட்லி வுட் எல்லாம் அந்த வட்டாரம். பார்க் ஹைக்குக் கூட்டம் அதிகம், தூரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வீடு பேசுங்கள். அதே லைனில் வெம்ப்ளி பார்க்கில் மைக்கேலா பள்ளி இருக்கிறது. 2014இல் தொடங்கியது. பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கில் அடுத்தடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. தாழ்வாரத்தில் பேசக் கூடாது என்கிற அளவுக்குக் கண்டிப்பு. சில பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போகும், சில பிள்ளைகள் மூச்சு முட்டிப்போவார்கள். மகளைக் கூட்டிப் போய்க் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

‘அவுட்ஸ்டாண்டிங்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளி ஆய்வு நிறுவனமான ஆஃப்ஸ்டெட் அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டை 2024 செப்டம்பரில் கைவிட்டது. இப்போது பல தலைப்புகளில் தனித்தனியாக மதிப்பிட்ட அறிக்கை வருகிறது. பழைய பட்டத்தை இன்னும் பள்ளி வேலியில் பதாகையாகத் தொங்கவிட்டிருப்பார்கள், அது எந்த ஆண்டு ஆய்வு என்று பாருங்கள். தேர்வு முடிவுகளில் மொத்த மதிப்பெண்ணோடு ‘புராக்ரஸ் 8’ என்ற எண்ணையும் தேடுங்கள். 11 வயதில் வந்த பிள்ளை 16 வயதில், அதே நிலையில் தொடங்கிய மற்றவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு முன்னேறினாள் என்று அது சொல்லும். கொரோனா காலத்தில் தொடக்கப் பள்ளித் தேர்வுகள் நடக்காததால் 2025, 2026 முடிவுகளுக்கு அந்த எண் கிடையாது, 2024 வரை உள்ளதைப் பார்க்க வேண்டும்.

எண்ணை விடவும் நான் நம்புவது நேரில் பார்ப்பதை. செப்டம்பர், அக்டோபரில் எல்லா மேல்நிலைப் பள்ளிகளும் பெற்றோருக்குக் கதவு திறக்கும். அதற்கு முன்னாலேயே, நீங்கள் வாடகைக்குப் பார்க்கும் வீட்டுத் தெருவில் ஒரு வேலை நாளில் மதியம் மூன்றரை மணிக்குப் போய் நில்லுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். தலைமையாசிரியர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று பள்ளியில் நேராகவே கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

விண்ணப்பத்தில் 6 பள்ளிகள் எழுதலாம். ஆறையும் எழுதுங்கள். உங்களுக்கு உண்மையில் எது பிடிக்குமோ அந்த வரிசையில் எழுதுங்கள், ஏனென்றால் ஒரு பள்ளியை நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதை அந்தப் பள்ளி கணக்கில் எடுக்காது. எந்தெந்தப் பள்ளிக்கு நீங்கள் தகுதியோ அவற்றில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பதைத் தருவார்கள். ஆசைப்பட்ட பள்ளிகள் மேலே, தூரக் கணக்குப்படி நிச்சயம் கிடைக்கும் ஒரு பள்ளி கடைசியில். அந்தக் கடைசிப் பெயர் இல்லாவிட்டால் மார்ச் 1 அன்று, எங்கேயோ காலியாக இருக்கும் பள்ளி உங்களுக்கு ஒதுக்கப்படலாம். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கவுன்சில் வரிப் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் சரிபார்க்கிறார்கள், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றதை நானே பார்த்திருக்கிறேன்.

முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள், வாங்க அவசரப்பட வேண்டாம். ஆனால் அக்டோபருக்குள் அந்த வாடகை வீடு நீங்கள் இருக்க நினைக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஏப்ரலில் வந்ததும் மகளின் இயர் 5 இடத்துக்குத் தூரம் அவ்வளவு முக்கியமில்லை, எந்தப் பள்ளியில் காலி இருக்கிறது என்பதுதான். வீடு உறுதியானதும் கவுன்சிலில் ஆண்டு நடுவில் சேர்வதற்கான விண்ணப்பம் போடுங்கள். ஓராண்டுக்கு மேல் அங்கே படிப்பாள், அதற்குக் கிடைத்த பள்ளி போதும். லண்டன் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம், சைவமும் கிடைக்கும்.

மகனை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியின் நர்சரியில் சேர்க்கலாம். 3 முடிந்த பிள்ளைகளுக்கு, அடுத்து வரும் பருவத்திலிருந்து, பள்ளி நாட்களில் வாரம் 15 மணி நேரம் கட்டணமில்லை. ஆனால் நர்சரியில் இருக்கிறான், ரிசப்ஷனுக்குத் தானாகவே ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்து ஜனவரி 15ஐத் தவறவிட்டவர்கள் ஆண்டுதோறும் எங்கள் குழு முன்னால் அழுதிருக்கிறார்கள். சின்ன வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். அந்த 30 நிரம்பிவிட்டால், விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று நிரூபித்தால் ஒழிய, எங்களால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. நர்சரி வேறு, ரிசப்ஷன் வேறு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மகளின் படிவத்தை அக்டோபரில் போடும்போதே, மகனின் படிவத்தையும் அதே வாரத்தில் போட்டுவிடுங்கள்.